அரை லிட்டர் சந்தோஷம்

போன வாரம் கோலாப்பூர் பஸ்ஸில் எங்களுக்கு நல்ல திட்டு. நண்பர் செல்வராஜ் மறுபடியும் எழுந்து கண்டக்டரிடம் சுண்டுவிரலைக் காட்டினார்.

"என்ன காகா, டேங்கரையே முழுங்கிட்டு வந்தீங்களா?" என்று மராத்தியில் கத்தினார் கண்டக்டர்.

செல்வராஜ் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி இறங்கிப் போனார். நானும் சிரித்தேன். ஏன் என்கிறீர்களா?

அவர் பிம்ப்ரி தொழிற்சாலையில் ஃபிட்டர். எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராய்ச் சுற்றிய நான் புனேயில் வேலையின்றிக் கிடந்தபோது, சோறு போட்டது அவர் வீடுதான். பிறகு அவருடைய இரண்டு கிட்னியும் போயின. டயாலிசிஸ். நாளெல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. மனைவி கோமதியின் கிட்னி பொருந்தவில்லை. இறந்தவர் யாராவது தந்தால்தான் உண்டு என்று பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஒருநாள் போன் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு மூளைச்சாவு. மெஷின் தயவில் இதயம் துடிக்கிறது... ஆனால் ஆள் திரும்ப மாட்டார். டாக்டர்கள் இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதித்து உறுதி செய்த பிறகு, வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். அவர் ரத்தமும் செல்வராஜ் ரத்தமும் ஒத்துப்போயின. ஐஸ் பெட்டியில் வந்த கிட்னியைப் பொருத்தினார்கள்.

முடிந்ததா? இல்லை. சிறுநீர் வரவில்லை!

"இப்படி வர்ற கிட்னி சில நாள் தூங்கும். தானா முழிச்சுக்கணும்" என்றார் தமிழ் டாக்டர்.

"முழிக்கலைன்னா?" என்றார் கோமதி.

"பார்ப்போம்மா."

மறுபடி டயாலிசிஸ். நாங்கள் வராந்தாவில். பசி எனக்குப் பழக்கம். பிளாட்பாரத்தில் தூங்கிப் பழக்கம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் பழக்கமில்லை.

ஒரு காலை நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார் — பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல. உள்ளே வெளிர் மஞ்சளாக...

"அண்ணே... வந்துருச்சுண்ணே!" என்று என்னை உலுக்கினார் கோமதி.

ஓடிப்போய் ஒரு பெட்டி பால் பேடா வாங்கிவந்து, பக்கத்து பெஞ்சு அம்மாளிடம் நீட்டினார். இந்த ஊரில் ஆஸ்பத்திரியில் பேடா கொடுத்தால் ஆண் குழந்தை என்று அர்த்தம்.

"பையனா?" என்றார் அந்த அம்மாள்.

மூத்திரம் வந்தது என்று எப்படிச் சொல்வது? கோமதி வெட்கத்தில் தலையாட்டிவிட்டார்.

"எடை எவ்வளவு?"

"அரை லிட்டர்."

அந்த அம்மாள் பேடாவைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு கோமதி, உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் பெண்ணைத் தேடிப் போனார். கொடுத்தவர் யார்? அவர் வீட்டாரைப் பார்க்க வேண்டும்.

"சொல்லக் கூடாது" என்றார் அந்தப் பெண்.

"பேரு வேணாம். வீடு எந்தத் திசையில இருக்குன்னு மட்டும் கேளுங்கண்ணே."

நான் இந்தியில் கேட்டேன். அந்தப் பெண் அதற்கும் தலையசைத்து மறுத்தார். கையில் இருந்த இனிப்புப் பெட்டியை அப்போதுதான் கவனித்தார் கோமதி. கொடுத்தவர் வீட்டில் இன்னும் அடுப்பே எரிந்திருக்காதே... பெட்டியை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். "இனிமே கோலாப்பூர்லதான் நிறுத்துவேன், பார்த்துக்குங்க!" என்றார் கண்டக்டர்.

திரும்பி ஏறிய செல்வராஜ் பணிவாகத் தலையாட்டினார். உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்!