மூக்கம்மாளின் காகிதச் சிலேட்டு

சிவகாசியில் அன்றைக்குக் குப்பை என்று எதுவும் கிடையாது. அச்சாபீசில் கெட்டுப்போன தாள், வெட்டித் தள்ளிய ஓரத்துண்டு, பழைய பரீட்சைப் பேப்பர் எல்லாம் லோடு லோடாக வெடிக் கம்பெனிக்குப் போகும். அங்கே அதைக் குழாயாகச் சுருட்டி மருந்து அடைப்பார்கள். தீபாவளியன்று ஊர் ஊராக வெடித்துச் சிதறும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சாமி படம் கெட்டுப்போனால்தான் வம்பு.

நான் சீனிவாசகம் முதலாளியின் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டியவன். காலண்டர்தான் எங்கள் பிழைப்பு. ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறமாக ஏற்ற வேண்டும். ஒரு நிறம் நூலிழை விலகினாலும் போச்சு. முருகனுக்கு உதடு தாடையில் இருக்கும், லட்சுமிக்கு மூன்றாவது கண் முளைத்துவிடும். அப்படி ஒரு லோடை வெடிக் கம்பெனிக்கு அனுப்பினோம். அங்கே வேலை பார்த்தவர்கள் அப்படியே எழுந்துவிட்டார்கள். “சாமி வயித்துல மருந்த அடைச்சு வெடிக்கச் சொல்றீகளா? எங்க புள்ளகுட்டி நல்லா இருக்க வேண்டாமா?” என்றார்கள். லோடு திரும்பி வந்தது. எரிக்கவும் பயம், தெருவில் போடவும் பயம். முதலாளி எல்லாவற்றையும் சரக்கு அடைக்கிற கிட்டங்கியில் போட்டுப் பூட்டினார். கரையான் வருஷம் முழுக்கச் சாமிகளைத் தின்றது. அதற்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

அந்தக் கிட்டங்கியைப் பெருக்க வந்தவள்தான் மூக்கம்மாள். வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்தவள். மழை ஏமாற்றியது, புருஷனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மகள் வேலுத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டட்டும், தன் மகள் மட்டும் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் தனுஷ்கோடிக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. சிலேட்டு இல்லாத பிள்ளை உள்ளே வரக் கூடாது. வேலுத்தாய் கையில் கல் சிலேட்டு ஒரு வாரம் தாங்காது. உடைப்பாள், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பசை கலக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கிட்டங்கி ஒழுகியது. ஒரு மூலைச் சாமிகள் அத்தனை பேரும் கூழாகிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்தார்.

“இதுக்குப் போயி ஏன் மொதலாளி பதறுறீக?” என்றாள் மூக்கம்மாள். “பிள்ளையாரக் கும்புட்டு முடிச்சுட்டு நாமதான தண்ணியில கரைக்கோம்? கரைச்சுட்டா சாமி மலையேறிரும். மிச்சம் வெறும் களிமண்ணு. இது வெறும் கூழு.”

முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிட்டங்கியும் காலியாகும், பாவமும் சேராது! அன்றைக்கே சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சாமிகளைத் தொட்டித் தண்ணீரில் முறைப்படி கரைத்தோம்.

கூழை என்ன செய்வது என்று நாங்கள் முழித்தோம். அவள் முழிக்கவில்லை. ஊர்ப்பக்கம் பெண்கள் ஓட்டைக் கூடைக்குப் பூசுவது போல, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டினாள். பலகையாகத் தட்டி, அந்தக் காலத்தில் படம் அச்சடித்து இப்போது ஆபீசில் சும்மா கிடந்த கனத்த அச்சுக்கல்லை மேலே ஏற்றி வைத்தாள். காய்ந்த பிறகு, மை டப்பாக்களில் ஒட்டிக்கிடந்த கறுப்பு மையையும் வார்னிஷையும் வழித்து, அச்சுக்கல் தேய்க்கிற நைஸ் மணலைக் கலந்து பூசினாள். சிலேட்டு! கீழே போட்டால் உடையவில்லை. குச்சி எழுதியது. எச்சில் தொட்டு அழித்தால் அழிந்தது. வேலுத்தாய் பள்ளிக்கூடம் போனாள். அதைப் பார்த்து இன்னும் பல பிள்ளைகள் கேட்டார்கள். மூக்கம்மாள் எல்லாருக்கும் செய்து கொடுத்தாள். பசைச் சட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கூடம் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா முதலாளி? பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் இருந்தார். விழா ஒன்று வைத்து, மாலை போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்தார். “இது சாதாரண சிலேட்டு இல்லீங்க. முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் கரைஞ்சு உண்டான சிலேட்டு. நம்ம புள்ளைகளுக்குச் சாமியே பாடம் சொல்லுது!”

கைதட்டல் முதல் வரிசையோடு நின்றுவிட்டது. பின்வரிசையில் இருந்த தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலேட்டைப் பிள்ளைகள் எதை வைத்து அழிக்கிறார்கள்?

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கூட்டம். “எம்புள்ள சரஸ்வதி மூஞ்சியில எச்சித் துப்புனானே!” என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பையனுக்கு வயிற்றுவலி, காரணம் தெரிந்துவிட்டது. கருவாட்டுக் கையோடு சிலேட்டைத் தொட்டதை நினைத்து இன்னொருத்தி மயக்கமே போட்டாள்.

“கரைச்சாச்சு, சாமி மலையேறிருச்சு” என்று மூக்கம்மாள் கத்திப் பார்த்தாள்.

“மலையேறுனத நீ பாத்தியாக்கும்?” என்று கேட்டார் தனுஷ்கோடி வாத்தியார். படித்தவர் அல்லவா, சாட்சி கேட்டார்.

அன்றே எல்லாச் சிலேட்டையும் வாங்கிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சுவரில் வரிசையாக மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் பூஜை. சுண்டல் வேறு. சிலேட்டெல்லாம் சுவரில் இருந்ததால் பிள்ளைகள் கையில் எழுத ஒன்றும் இல்லை. சிலேட்டு இல்லாத பிள்ளை உள்ளே வரக் கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வேலுத்தாய் மறுபடி பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கம்மாள் கிட்டங்கியை மட்டும் ஓங்கி ஓங்கிப் பெருக்கினாள்.

அந்தச் சமயம் பார்த்து நகரசபைத் தேர்தல் வந்தது. முதலாளி நின்றார். சொந்த அச்சாபீஸ், கேட்கவா வேண்டும்? தன் முகத்தை ஐந்து நிறத்தில் நோட்டீசாக அடித்துத் தள்ளினார். ஒரு நிறம்கூட விலகவில்லை. ஜெயிப்பது நிச்சயம் என்று, ஓட்டு எண்ணுவதற்கு முன்பே ‘வெற்றி தேடித் தந்த பெருமக்களுக்கு நன்றி’ என்றும் மலைபோல் அடித்து வைத்துவிட்டார். எண்ணினார்கள். தோற்றார்.

இப்போது கிட்டங்கி நிறைய முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே அனுப்பினால் ஊர் சிரிக்கும். பலசரக்குக் கடையில் பெருங்காயம் மடிப்பார்கள். வெடிக் கம்பெனிக்குப் போனாலோ, ஜெயித்த ஆள் அந்தச் சரத்தைத்தான் தேடி வாங்கி வெடிப்பான். மனுஷர் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார்.

மூக்கம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். “கரைச்சுருவமா மொதலாளி?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கரைச்சு?”

“சிலேட்டுத்தான். இதுக்கு யாரும் சந்தனம் வைக்க மாட்டாக.”

பிள்ளைகள் சிலேட்டை எப்படி அழிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில், எதில் செய்த சிலேட்டு என்று எந்த நாளும் வாய் திறப்பதில்லை என்று பத்திரகாளியம்மன் மேல் எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை சூடம் கொளுத்தவில்லை.

இதில் சாமி கலக்கவில்லை என்று மட்டும் ஊரில் சொன்னோம்; வேலுத்தாயும் மற்றப் பிள்ளைகளும் புதுச் சிலேட்டோடு திரும்பப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆண்டு விழாவுக்கு முதலாளி வந்தார். தோற்றாலும் கமிட்டி கமிட்டிதானே. வாத்தியார் வேலுத்தாயை மேடைக்குக் கூப்பிட்டு, “முதலாளி பேரை எழுது தாயி” என்றார்.

அவள் குனிந்து சிலேட்டில் எழுதினாள். எழுதியதையே உற்றுப் பார்த்தாள். பிறகு ‘தூ’ என்று ஒரு வாய் துப்பி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். முதலாளியின் கை அவரை அறியாமல் துண்டை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தது. அவள் மறுபடி எழுதினாள். மறுபடியும் துப்பினாள். வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? காரணம் கேட்பார்களே! சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார், பாவம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே நின்று மூக்கம்மாள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பதறி ஓடினேன்.

“ஏம்மா, என்ன ஆச்சு? மொதலாளி அம்புட்டையும் பொறுத்துக்கிட்டுத்தான இருக்காரு?”

“அவரு கெடக்காரு, விடுங்கண்ணே.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எம்மவள யாருமே திருத்தல, பாத்தீகளா? தப்பா எழுதுனது அவளுக்கே தெரியுதுண்ணே.”