ஆளுக்கு மூன்றடி

பெரிய கடையில் பதினாறு வருஷம் சோபா விற்றவள் அவள். உள்ளே நுழையும் நடையை வைத்தே வந்திருப்பவர்கள் கட்டில் வாங்க வந்தவர்களா, ஏசி காற்று வாங்க வந்தவர்களா என்று சொல்லிவிடுவாள். முதலாளி வெளியூர் போனால் கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும். அப்படிப்பட்ட வேலையை நாற்பத்து மூன்றாவது வயதில் உதறிவிட்டு, தோள்பையில் ஓர் அளவு டேப்பையும் பென்சிலையும் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினாள். காரணம், அவள் தங்கையின் கழுத்து.

தங்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். காலையில் தட்டுகளை எடுத்துவிட்டு லேப்டாப்பை வைப்பாள். மத்தியானம் லேப்டாப்பை எடுத்துவிட்டுத் தட்டுகளை வைப்பாள். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றால், மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போவாள். ஒரு வருஷம் இப்படி ஓடியபின் கழுத்து பிடித்துக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தாள். பீரோ திரும்புகிற மாதிரி இருக்கிறது என்று அவள் புருஷன் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அக்கா தங்கையைக் கடைக்கு அழைத்துப் போய் எழுதும் மேஜைகளில் ஒவ்வொன்றாக உட்காரவைத்துப் பார்த்தாள். எல்லாம் முப்பது அங்குல உயரம். தங்கையோ ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கீபோர்டில் கை வைத்தால் தோள் காது வரை ஏறியது. நாற்காலியை உயர்த்தினால் கால் அந்தரத்தில் ஆடியது. இத்தனை வருஷமாக எத்தனையோ மேஜைகளை விற்றிருக்கிறோமே, இதில் உட்காரப் போவது யார் என்று ஒரு தடவையாவது கேட்டோமா என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைக்குப் பழுது பார்க்க வரும் தச்சரைப் பிடித்தாள். மனுஷர் பேச்சில் சிக்கனம், வேலையில் சுத்தம். இருபத்தைந்தரை அங்குல உயரத்தில் ஒரு மேஜை செய்து கொடுத்தார். சமையலறையை ஒட்டிய நடையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. வீடியோ மீட்டிங்கில் அதைப் பார்த்த தங்கையின் தோழிகள் இரண்டு பேர், வேலைப் பேச்சை விட்டுவிட்டு மேஜைப் பேச்சு பேசினார்கள்.

வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது முதலாளிக்குச் சிரிப்புதான் வந்தது.

"கட்டில் வாங்கப் பொம்பளைங்க வருவாங்க, பீரோ வாங்க வருவாங்க. தனக்குன்னு ஒரு ஆபீஸ் மேஜை வேணும்னு யாரும்மா கடைக்கு வருவா?"

"வரமாட்டாங்க சார். அதான் நான் போறேன்."

"போயிட்டு முடியலைன்னா திரும்பி வா. உன் இடம் இருக்கும்" என்றார் அவர். நல்ல மனுஷர்தான்.

அவளுக்கு 'டேப்பக்கா' என்ற பெயரை வைத்தது முதல் வாடிக்கைக்காரி. அதுவே நிலைத்துவிட்டது. மூன்றாவது வாடிக்கைக்காரியிடம்தான் அடி விழுந்தது. ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்தும் டீச்சர் அவர். டேப்பக்கா டேப்பை நீட்டியதும், போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கி, பாதங்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தார். அளவெடுத்து, செய்து, கொண்டுபோய் இறக்கினார்கள். நாலாம் நாள் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "தப்பா நெனைக்காதீங்க. முழங்கால் இடிக்குது."

போய்ப் பார்த்தால், டீச்சர் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம். அளவெடுக்க வந்தவள் முன்னால் அப்படி உட்கார்வது மரியாதையில்லை என்று நிமிர்ந்திருக்கிறார். தச்சர் மேஜையைத் திருப்பிப்போட்டு, டிராயரைக் கழற்றி, பக்கவாட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். திரும்பி வந்து வேனை நிறுத்தும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நீ டீச்சரை அளக்கல. டீச்சரோட மரியாதையை அளந்திருக்க."

அன்றிலிருந்து டேப்பக்கா போன உடனே டேப்பை எடுப்பதில்லை. கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, "நீங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிஷம் விறைப்பாக இருப்பார்கள். அப்புறம் ஒரு கால் மேலே ஏறும், ஒரு கை கன்னத்துக்குப் போகும், செருப்பு கழன்று விழும். அதற்குப் பிறகுதான் டேப் வெளியே வரும். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் "எதுவா இருந்தாலும் சரி" என்பார்கள். அதை அவள் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. வாயைப் பிடுங்கிப் பிடுங்கி, சார்ஜர் வயர் எந்தப் பக்கம் வர வேண்டும், கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பார்கள் என்பது வரை வாங்கிவிடுவாள்.

இப்படி நாலு வருஷம் ஓடியபின் வந்ததுதான் மூன்றாம் மாடி வீடு. அங்கே நடந்ததை இன்றைக்கும் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கூப்பிட்டவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, தட்டச்சு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற வேலை. காதில் ஹெட்போன், மடியில் தலையணை, தலையணை மேல் லேப்டாப். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஐந்து வருஷமாக இதே கோலம். கட்டிலுக்கு எதிரே பெரிய மேஜை ஒன்று ராஜா மாதிரி நின்றது. அதன் மேல் ஒரு ஹெல்மெட், ஒரு பழைய பிரின்டர், அவிழ்த்துப் போட்ட சட்டை.

"அது யாரு மேஜை?" என்று கேட்டாள் டேப்பக்கா.

"அவரோடது. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து வேலை பார்ப்பார்."

"மத்த அஞ்சு நாள்?"

அவள் ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

புருஷன் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். கெட்டவன் இல்லை. யோசிக்காதவன், அவ்வளவுதான். "எதுக்குங்க இன்னொண்ணு? இதையே அவ எடுத்துக்கலாமே. நான் வேணாம்னா சொன்னேன்?" என்றான்.

"நல்ல யோசனை சார். மேல இருக்கறதை மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க. அவங்க உட்கார்ந்து பார்க்கட்டும்."

ஹெல்மெட் இறங்கியது. அவள் உட்கார்ந்தாள். அவன் ஆறடி ஆள். நாற்காலியும் மேஜையும் அவன் அளவுக்கு வாங்கியவை. மேஜை விளிம்பு அவள் நெஞ்சுக்கு வந்து நின்றது. கால் இரண்டும் தரைக்கு எட்டாமல் தொங்கின. கதவருகே நின்ற சின்ன மகள், "அம்மா நீச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். புருஷன் முதலில் சிரித்தான். பிறகு பெண்டாட்டியின் கால்களைப் பார்த்தான். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு நாள்ல செஞ்சு தருவீங்க?" என்று கேட்டான்.

செய்வது பெரிய காரியமில்லை. எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். இரண்டு அறை, ஒரு கூடம், ஐந்து பேர். படுக்கையறையில் வெளிச்சமில்லை. நடையில் போட்டால் குளியலறைக்கு ஒருக்களித்துத்தான் போக வேண்டும். டேப்பக்கா வீட்டை மூன்று சுற்று வந்தாள். வெளிச்சம், காற்று, பிளக் எல்லாம் சேர்ந்து இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: கூடத்துச் சன்னலோரம். அங்கே மாமனார் உட்கார்ந்திருந்தார்.

தபாலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். காலையில் பேப்பரோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், குறுக்கெழுத்து முடியும் வரை எழுந்திருக்க மாட்டார். பதினோரு வருஷமாக அது அவர் இடம்.

டேப்பக்காவின் பார்வை போன திசையைப் பார்த்ததுமே மருமகள் அருகே வந்தாள். "வேணாம்க்கா. அது மாமா இடம். நான் கட்டில்லயே இருந்துக்கறேன்" என்று கிசுகிசுத்தாள்.

காது கேட்காதவருக்குக் கிசுகிசுப்பு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். பேப்பரை இறக்கினார். "என்னவாம்?"

புருஷன் சுவரைப் பார்த்தான். டேப்பக்காதான் அருகே போய், குரலை உயர்த்திச் சொன்னாள். "உங்க மருமகளுக்கு மேஜை போட இடம் பார்க்கறோம் ஐயா. வெளிச்சம் இங்கதான் இருக்கு."

அவர் சன்னலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்: "அப்ப நான் எங்கம்மா போறது?"

டேப்பக்காவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. இடம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று வந்து, ஒரு மனுஷரைக் கிளப்பிவிடப் பார்த்தோமே என்று கூசினாள். டேப்பை எடுத்துச் சன்னலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இழுத்தாள். ஆறடி இரண்டு அங்குலம்.

"நீங்க எங்கயும் போக வேணாம் ஐயா. ஆறடிப் பலகை ஒண்ணு போடறேன். ஆளுக்கு மூணடி."

"எனக்கு எதுக்கு மேஜை? நான் என்ன வேலைக்கா போறேன்?"

"பேப்பரை மடியில வச்சு எழுதறீங்களே, பென்சில் ஓட்டை போட்டுடாது?"

அவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். மூன்று ஓட்டைகள் இருந்தன. "போடும்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அவரையும் அளவெடுத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து முழங்கை உயரம், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடைவெளி, வீங்கிய இடது காலை நீட்டத் தேவையான இடம். "தையல்காரனைத் தவிர யாரும் என்னை அளந்ததில்ல" என்று அவர் சொன்னார். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மனுஷர் விடவேயில்லை. இரண்டு நாளில் மூன்று போன். கடிதம் பிரிக்கிற அலமாரியில் இருக்குமே, அந்த மாதிரி நாலு பொந்து வேண்டும். பென்சில் உருளாமல் பள்ளம் வேண்டும். டிராயருக்குப் பூட்டு வேண்டும். பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்று மகன் கேட்டதற்கு, "அதை உங்கிட்ட சொல்லத்தான் பூட்டு கேக்கறேனா?" என்றாராம். தச்சர் பலகையை இழைப்பதை நிறுத்திவிட்டு, "நாம பொம்பளைங்களுக்குன்னுதானே ஆரம்பிச்சோம்?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"இவரு ஒருத்தரே நாலு பொம்பளைக்குச் சமம்" என்று சொல்லிவிட்டு இழைப்பைத் தொடர்ந்தார். ஆனால் அந்தப் பொந்துகளுக்கு அவர் ஒரு முழு நாள் செலவழித்ததை டேப்பக்கா பார்த்தாள்.

மருமகளிடமிருந்துதான் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பாதி இருமல், பாதி தயக்கம். கால் வைக்க ஒரு கட்டை வேண்டும். ஹெட்போன் மாட்ட ஒரு கொக்கி. "அப்புறம்... டிராயருக்கு உள்ள மட்டும் கரும்பச்சை பெயின்ட் அடிக்க முடியுமாக்கா? வெளியே வேணாம். வெளியே எல்லாரும் பார்ப்பாங்க, என்னடா இதுன்னு கேப்பாங்க. உள்ள இருந்தா எனக்கு மட்டும் தெரியும்."

டேப்பக்கா அதை இரண்டு தடவை கேட்டாள். தச்சருக்கும் போட்டுக் காட்டினாள். அவர் தூரிகையைத் தேடினார். மறுநாள் பச்சையில் நாலு மாதிரி அடித்துக் காயவைத்திருந்தார்.

மேஜை மூன்று துண்டாக மாடியேறியது. பலகையைச் சன்னலடியில் பொருத்தியபோது மருமகளின் பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வாக, மாமனார் பக்கம் உயரமாக, நடுவில் ஒரு சின்னப் படியோடு உட்கார்ந்தது. புருஷன் குனிந்து நிமிர்ந்து திருகு முடுக்க உதவினான். மகள்கள் இருவரும் எந்தப் பொந்து யாருக்கு என்று சண்டையைத் தொடங்கினார்கள். தாத்தா "எல்லாம் எனக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மருமகள் டிராயரை ஒரு கை அகலம் மட்டும் திறந்து பார்த்தாள். மூடினாள். சற்று நேரம் கழித்து யாரும் கவனிக்காதபோது மறுபடியும் திறந்து பார்த்தாள்.

எந்த வீட்டுக்கும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போய்ப் பார்ப்பது டேப்பக்காவின் வழக்கம். இந்த வீட்டுக்கு ஒரு நாள் முன்னதாகவே போனாள். ஆர்வம்தான். கதவைத் திறந்தது பெரிய மகள். கூடத்தில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. மருமகள் ஒரு காலை மடித்துப்போட்டு, மறு காலைக் கட்டையில் ஊன்றி, மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பென்சிலை மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். மருமகள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினாள்.

"நுரையீரல் சம்பந்தப்பட்டது. ரெண்டு எழுத்து. கடைசி எழுத்து 'ளை'."

"சளி இல்ல, அது 'ளி'... ஈளை, மாமா."

"பொருந்துது" என்று அவர் எழுதிக்கொண்டார். ஹெட்போன் பழையபடி காதுக்குப் போனது.

டேப்பக்கா குனிந்து திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தளரவில்லை. பலகையை அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை. உயரம் சரியாக இருக்கிறதா என்று மருமகளைக் கேட்கலாம் என வாயெடுத்தாள். அதற்குள் மாமனார் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. வெளிச்சம் மறைக்குது."

அவள் தள்ளி நின்றாள். மருமகள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, ஒரு விரலைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. அந்த ஒரு நிமிஷம் ஐந்து ஆனது. யாரோ ஒரு டாக்டர் அவள் காதில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. டேப்பக்காவுக்குக் கொஞ்சமும் சலிப்பு வரவில்லை. பெரிய மகளிடம், "அம்மா கேட்டா எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடு, கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். படியிறங்கும்போதே அடுத்த முகவரியைத் தேடி எடுத்தாள். உடைகளுக்குப் பூ வேலை வரைந்து கொடுக்கும் ஒரு பெண். இடதுகைக்காரி என்று போனில் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.