வெண்ணிலாவின் கைராசி

வெண்ணிலாவுக்கு அவளுடைய கைராசிதான் எமன். சேலையூர் லேபில் ஆறு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். கோவளத்தில் மீன் விற்று அவள் அம்மா முத்தாலம்மாள் படிக்க வைத்தது ஊசி குத்துவதற்கு மட்டுமில்லை. ரத்தத்தை மெஷினில் ஓட்டி, அதில் என்ன கோளாறு என்று பார்க்கவும்தான் படித்தாள். ஆனால் மெஷின் இருக்கும் கண்ணாடி அறையில் அவளுக்கு வேலை கொடுத்ததே இல்லை. என்னைப் போன்ற சர்க்கரை வியாதிக் கிழங்கள் எல்லாம் அவள்தான் குத்த வேண்டும் என்று உட்கார்ந்துவிடுவோம். புருஷன் போன பிறகு நன்றாகத் தின்று பருத்த கை என்னுடையது. நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவள் விரல் வைத்தால் கிடைத்துவிடும்.

போன மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனாள். எந்த மெஷினில் வேலை பார்த்தாய் என்றார்கள். எதிலும் இல்லை என்றதும் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து முதலாளி ஹரிபிரசாத்திடம் சண்டை போட்டாள். ஒரு வாரம் உள்ளே இரு, வெளியே யாரும் குறை சொல்லாவிட்டால் அங்கேயே இருந்துகொள் என்றான்.

முதல் நாளே நான் போனேன். வெளியே ஷர்மிளா என்ற புதுப் பெண். இரண்டு கையிலும் குத்திப் பார்த்து, மூன்றாவது குத்தில்தான் ரத்தம் எடுத்தாள். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்ணிலா மெஷினில் டியூப்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிடிவாதமாக எங்கள் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு அடுத்து லோகநாதன். வயலில் கடைகள் கட்டி வாடகை வாங்குகிறவர். லேப் இருப்பதும் அவர் கட்டடம்தான். வீங்கிய என் கையைப் பார்த்ததும் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, கல்லாவில் இருந்த ஹரிபிரசாத்திடம் சொன்னார்.

"உள்ள கீற பொண்ணைக் கூப்புடுப்பா. இல்லாங்காட்டி நான் கெளம்புறேன்."

"அது வேலையா கீது. மூணு குத்து வாங்கிகினு நான் செத்தா பூட்டேன்? கம்முனு கைய நீட்டுய்யா" என்றேன்.

"உனக்கு இன்னாம்மா, எருமைத் தோலு."

ஹரிபிரசாத் கண்ணாடியைத் தட்டினான். வெண்ணிலா வந்தாள். புதுக் கையுறை மாட்டி, ரப்பர் பட்டை கட்டி, ஒரே குத்தில் எடுத்தாள்.

"ராசியான கைம்மா. நீ இங்கயே இருக்கணும்" என்று லோகநாதன் வாழ்த்தினார்.

ஹரிபிரசாத் ஷர்மிளாவிடம் திரும்பினான். "நீ உள்ள போய் மெஷினைக் கத்துக்கோ. வெளிய உன்னை வெச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க."

ஷர்மிளா உள்ளே போனாள். வெண்ணிலா கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டையை உதறினாள்.

"அடுத்து யாரு?"