பதினேழாம் எண் மிக்ஸி

கங்கைகொண்டானில் நான் வேலை பார்த்த கம்பெனி, தகரக் கொட்டகையில் இட்லிக் கொப்பரை செய்து தொடங்கி, கிரைண்டருக்கு மாறி, மிக்ஸியில் பேரெடுத்து, பிறகு மூடப்பட்டது. மிக்ஸியை ஓட்டிப் பார்த்து என் எண்ணை ஒட்டுவது என் வேலை. அந்த இரைச்சல் எனக்குத் தாலாட்டு.

சென்ற மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் நாத்தனார் வீட்டில் அதே தாலாட்டு கேட்டது. ஆற்றுக்காற்றில் சொக்கிப்போயிருந்த நான், அவள் அரைத்து முடித்ததும் ஜாரைக் கழற்றி, மிக்ஸியை மார்போடு அணைத்துக் கவிழ்த்தேன். கம்பெனியில் சூப்பர்வைசரே கரண்டை நிறுத்திவிடுவார், அதே நினைப்பு. அடியில் என் எண், பதினேழு! அதற்குள் விரல் பட்டு சுவிட்ச் திரும்பி, ஜார் உட்காரும் பல்சக்கரம் சுழன்று முந்தானையைச் சுற்றி இழுத்தது.

"மதினி, பிளக்க உருவாம கவுக்குதியளே!" என்று அலறி நாத்தனார் வயரைப் பிடுங்கினாள். சேலை கிழிந்ததோடு தப்பினேன்.

இன்றும் போகிற வீடெல்லாம் மிக்ஸியைக் கவிழ்த்துக் கம்பெனிக் கதை சொல்கிறேன். கதை முடியும்வரை பிளக் என் கையில் இருக்கும்.