மேலைக்காற்றும் மீன்பெட்டியும்

ஆடி மாதத்தில் மாமல்லபுரம் பக்கமிருந்து திருக்கழுக்குன்றத்துக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு மேலைக்காற்று நேர் எதிரி. அங்கே செங்கல்பட்டு பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்குக் கல்லூரியின் முதல் வகுப்பு போய்விடும். ஏற்கெனவே பலமுறை போயிருந்தது.

அதனால் சைக்கிளில் போகும் ஒரு மீன்காரரின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அகன்ற முதுகு, தலையில் ஈரத்துண்டு, கேரியரில் பெரிய மீன்பெட்டி. ஆளில்லாத சாலையிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே போவார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். மீன்வாடையைப் பொறுத்துக்கொண்டால் காற்று என்மேல் அவ்வளவாகப் படாது.

ஒருநாள் திரும்பாமலே கேட்டார்: "இன்னாம்மா, டெய்லி என் பின்னாலயே வந்துகினு கீற?"

கூச்சத்தோடு சொன்னேன்: "காத்துண்ணே... பஸ்ஸப் பிடிக்கணும்."

"அட, காத்துக்கா! மீனு கேக்க வெக்கப்படுறன்னு நெனச்சி, தெனம் ஒரு கூறு எடுத்து வச்சிகினு இருந்தேன்."

"நான் வர்றது எப்படித் தெரியும்?"

"உன் செயின் கவரு போடுற சத்தம் ஊருக்கே கேக்குதே!"

மறுநாள் மேட்டில் நான் பின்தங்கியபோது, அந்தச் சத்தம் மீண்டும் நெருங்கும்வரை அவர் மெதுவாக மிதித்தார். அப்போதும் திரும்பவில்லை. பஸ் கிடைத்தது.

அவர் முகத்தை நேராகப் பார்த்த நினைவு எனக்கில்லை. ஆனால் ஆடி முடியும்வரை அந்தச் செயின் கவரை நான் சரிசெய்யவில்லை.