நம்பரை ராவியவர்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் பழைய சாமான் வாங்கி விற்றவர் கலீலுர் றஹ்மான். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப் போன கதிரையும் கடிகாரமும் அவர் கடையில்தான் கரையேறின. எதிலாவது நம்பர் வெட்டியிருந்தால் அரத்தால் ராவிவிடுவார். நம்பர் இருந்தால் அரசாங்கச் சாமான், பொலிஸ் வரும். துறைமுகத்தில் பிழைத்த எல்லோருக்கும் அது தெரியும்.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் ஓர்ஸ் ஹில்லில் பூரணி வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றவள், செத்த புருசன் ஆனந்தராசாவின் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடற்படைக் கிளப்பில் ஊதிய அவருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொடுத்தது அது.

"நானா, ஓடு போடுற அளவுக்கு வித்துத் தாங்கோ. இது பெரிய சாமான் எண்டு அவர் சாகுமட்டும் சொன்னவர்."

"ஓம் தங்கச்சி, நான் பாக்கிறன்."

கெட்டவன் என்றால் திட்டியாவது விடலாம். இவர் நல்லவர், அதுதான் கரைச்சல். கறுத்துக் கிடந்ததை மனைவி மைமூனா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். போதாதென்று இவர் மண்கடதாசியால் உரச, வெள்ளிப்பூச்சு கழன்று பித்தளை மினுங்கியது. பின்பக்கம், பெருவிரல் கொக்கிக்குக் கீழே நம்பர் இருந்தது. தங்கச்சிக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாது என்று அதையும் வழுவழுவென்று ராவினார்.

வாத்தியம் வாங்கக் கொழும்பிலிருந்து வந்தவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நம்பர் எங்க முதலாளி?"

"களவுச் சாமான் இல்ல, பயப்படாதீங்க."

"எந்த வருசத்துச் சாமான் எண்டு நம்பர்தான் சொல்லும். வெள்ளிப்பூச்சு கறுத்திருந்தாலும் அப்படியே நம்பரோட வச்சிருந்தா பத்து மடங்கு தந்திருப்பன். இப்ப பித்தளை விலைதான்."

கலீலுர் றஹ்மான் அந்த விலைக்கே விற்று, தன் கைக்காசும் போட்டுப் பூரணி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படியும் ஓட்டுக்குக் காணாமல், தென்னோலைக் கிடுகுக்குத்தான் கண்டது. பூரணி கோபிக்கவில்லை.

"பறவாயில்லை நானா. மனுசன் சும்மா புழுகியிருக்கு," என்று சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ஆனந்தராசா சொன்னது மெய் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். வெட்கத்தில் எழும்பி வந்துவிட்டார்.

பிறகு பதினைந்து வருசத்தில் மூன்று சாக்ஸபோன்கள் அவரிடம் வந்தன. துணியால்கூடத் துடைக்காமல், முதலில் நம்பரை வாசித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டார். கொழும்பு ஆட்களே அவரிடம் விலை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பூரணியின் கிடுகுக் கூரைதான் நினைவுக்கு வந்து அவரைத் தின்றது.

எண்பதாம் ஆண்டு பூரணி செத்தபோது அந்த வீட்டுக்குப் போனார். மூத்த மகள் கதிரை எடுத்துப் போட்டாள்.

"எங்கட அப்பா பெரிய புழுகர் எண்டு அம்மா கடைசிமட்டும் சொல்லிச் சிரிப்பா, நானா."

அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.