அருவியில் தண்ணி விழுதா, மேடம்?

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களை மறுபடியும் பேசப் பழக்குவது என் வேலை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பல வருடம் அதைச் செய்துகொண்டிருந்தேன். கணவருக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தபோது, இனி யாரிடமும் சம்பளத்துக்குப் போக வேண்டாம், சொந்தமாக ஓர் அறை எடுத்துத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. படி கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். அந்த ஒன்றுக்காகவே பிடித்துப்போட்டேன்.

‘பேச்சுப் பயிற்சி மையம்’ என்று போர்டு மாட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர், நான் மேடைப் பேச்சுக்கும் இங்கிலீஷ் பேசவும் வகுப்பு எடுக்கிறேன் என்று நினைத்து வந்தார்கள்.

என் நாத்தனார் பெங்களூரில் ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“மதினி, போர்டையெல்லாம் யாரு பாக்கா? எல்லாரும் போனைத்தான் பாக்காங்க. ஒரு பேஜ் ஸ்டார்ட் பண்ணுங்க. வாரத்துக்கு மூணு வீடியோ. உங்க முகம் தெரியணும். கொஞ்சம் சிரிக்கணும்.”

“பக்கவாதத்தைப் பத்திப் பேசுத எடத்துல என்னத்தைச் சிரிக்க?”

“லைட்டா சிரிங்க மதினி. பயமுறுத்தாதீங்க.”

ஆரம்பித்தேன். சாயங்காலம் கடைசி ஆள் போனதும் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, போனை மருந்துப் பெட்டிகளின் மேல் சாய்த்து வைத்து, என்னிடம் நானே பேசுவேன். பாதியில் பஸ் ஹாரன் அடிக்கும். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை பின்வீட்டில் மிக்ஸி ஓடும். பகல் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்த களைப்பு, அந்தச் சிரிப்பில் அப்படியே தெரியும். சித்தி மகள் ‘சூப்பர்க்கா’ என்று எழுதுவாள். கணவரின் ஆபீஸ்காரர்கள் கை கூப்புவார்கள். பேச்சு வராத ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கிற ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. சீசன் என்றால் தென்காசியில் எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள் இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு நாத்தனார் குடும்பம் வந்தது. ஐந்தருவிக்குப் போன இடத்தில், “இங்கன வெளிச்சம் பிரமாதமா இருக்கு, நில்லுங்க மதினி” என்று அவளே என்னைப் படம் பிடித்தாள். ஈரத் தலையோடு நின்றபடி சொன்னேன்: ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு கை துவண்டால், வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அருவி இரைச்சலில் முக்கால்வாசி கேட்கவில்லை.

அந்த வீடியோ ஓடியது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள்.

‘தண்ணி நல்லா விழுதா, மேடம்?’

‘சனிக்கிழமை திருச்சியிலிருந்து வர்றோம். ரூம் கிடைக்குமா?’

‘மெயின் அருவியில் குளிக்க விடுறாங்களா, தடையா?’

‘மேடம், கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம். அருவியை மறைக்குது.’

முதல் நாள் நானும் நாத்தனாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் போனில் சொன்னாள்: “விடாதீங்க மதினி. பதில் போட்டுக்கிட்டே இருங்க. முதல்ல ஆளு சேரட்டும், அப்புறம் நம்ம விஷயத்தச் சொல்லலாம்.”

பதில் போட்டேன். தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சி காலையிலேயே குற்றாலத்துக்குச் சவாரி போய்விட்டு வருவார். அவரைப் பிடித்து நிலவரம் கேட்பேன். “பழைய குற்றாலத்துல கூட்டம் தாங்கல. ஐந்தருவில பரவாயில்ல. நீங்க குளிக்கவா போறீய?” என்பார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அவர் சொன்னதை என் பேஜில் எழுதுவேன். நன்றி மேடம், நன்றி மேடம் என்று வரிசையாக வரும். பேச்சுப் பயிற்சி பற்றி நான் போட்டதைக் கவனிக்காமல், அதன் கீழேயும் தண்ணீரைத்தான் கேட்டார்கள்.

என் வேலையில் பாதி, சும்மா இருப்பது. ஒரு பொருளைக் காட்டிவிட்டு, எதிரில் இருப்பவர் அதன் பெயரைத் தேடி எடுக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். வீட்டார் பொறுக்கமாட்டாமல் தாங்களே சொல்லிவிடுவார்கள். போனைக் கவிழ்த்து வைத்தாலும், அருவிக் கேள்வி வரும்போதெல்லாம் அது மேஜையில் நடுங்கும். தேடிக்கொண்டிருந்தவர் சொல்லை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சீசன் முடிந்து அருவி பாறையில் கோடாக இறங்கியபோது, பேஜில் சேர்ந்தவர்களும் கழன்றுகொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். நாத்தனார் விடவில்லை.

“ஒரு பேஷன்ட்டோட முன்ன-பின்ன வீடியோ போடுங்க மதினி. வந்தப்ப பேச்சே இல்ல, இப்ப பேசுதாங்க. ஜனங்க அதத்தான் பாப்பாங்க.”

அப்போது புளியங்குடியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். ஏலம் கூறுவதில் அவர் குரலுக்குத் தனிப் பெயர் என்று அவர் மனைவி சொல்வார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ‘அதான் அதான்’ என்ற ஒரு சொல் மட்டும். பசிக்கும் அதான், கோபத்துக்கும் அதான். நான் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். என் மேஜையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினால், முகத்தில் அது என்னவென்று தெரியும், வாய்க்குத்தான் வராது. மெல்ல மெல்ல, நான் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார். தானாக ஒன்றும் சொன்னதில்லை.

அன்று பயிற்சி முடிந்ததும், வீடியோ எடுத்துப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவரைப் பார்த்துத்தான் கேட்டேன். மனைவி முந்திக்கொண்டார்.

“தாராளமா எடுங்க டாக்டரம்மா. அவியளுக்கு என்ன வந்துச்சு? நாலு பேரு பாத்தா நல்லதுதான.”

நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. போனை எடுத்துச் சாய்த்து வைத்தேன். “அவங்க சொல்லட்டும் அம்மா” என்றேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஊரே கேட்க நின்று கூவிய மனிதர். மனைவி அவருடைய வாயோரத்தைத் துண்டால் துடைத்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டார். அவர் இடது கையால் அந்தக் கையை விலக்கினார்.

“வேண்டாம்.”

தெளிவாக இருந்தது. மனைவி துண்டோடு அப்படியே நின்றார்.

“வேண்டாம்” என்றார் மறுபடியும், என்னைப் பார்த்து.

“சொல்லிட்டாவளே!” என்று அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். “எங்க, இன்னொருக்கச் சொல்லுங்க. டாக்டரம்மா, கேட்டியளா?”

அவருக்கே திகைப்பாக இருந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோபத்திலும் மறுப்பிலும் சில நேரம் சொல் தானே முந்திக்கொண்டு வரும். அடுத்த நாள் தேடினால் இருக்காது. அது எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் அன்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. போனை எடுத்துப் பைக்குள் போட்டேன். “சரிங்க அண்ணாச்சி, வேண்டாம்” என்றேன். அவர் தலையாட்டினார்.

நாத்தனாரிடம் சொன்னபோது, “ரெக்கார்ட் ஆச்சா மதினி?” என்றாள்.

“இல்ல. நான் பட்டனையே அமுக்கல.”

“சரி விடுங்க. உங்களுக்குச் சவுரியப்பட்டதைப் போடுங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் வேலை இருக்கிறது.

இப்போது தோன்றும்போது ஒன்று போடுகிறேன். முகம் கிடையாது, சிரிப்பும் கிடையாது. என் கைகளும் குரலும் மட்டும். பேச்சு வராதவரிடம் ‘என்ன வேணும்’ என்று கேட்காமல், ‘தண்ணி வேணுமா, காப்பி வேணுமா’ என்று இரண்டையும் காட்டிக் கேட்பது எப்படி என்பது போன்ற சின்ன விஷயங்கள். பார்ப்பவர்கள் குறைவுதான். ஆட்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்லித்தான் வருகிறார்கள். புளியங்குடிக்காரர் நாலைந்து சொற்களோடு நிற்கிறார். நல்ல நாளில் ஒன்று கூடும், கெட்ட நாளில் மறுபடி ‘அதான்’.

போன வாரம் திருவேங்கடம் ஊரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். “பஸ்ல வரும்போது உங்க பேஜைப் பாத்தேன் மேடம். அதுல சொன்ன மாதிரி ஜன்னலைத் திறக்கவா, மூடவான்னு கையக் காட்டிக் கேட்டேன். மூடச் சொன்னாவ” என்றாள். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் எதிரில் இருந்த நாற்காலியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அன்று அவர் ஆறாவது ஆள், இடுப்பு வலித்தது. என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.